பாதி வீடு போன தெரு

ஹட்சன் வீட்டை இரண்டாக அறுப்பதற்குச் சுக்டியோ தன் ஆட்களோடு வந்த அன்று காலை, யூலலி அடுப்படியில் அரிசி மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோதுமை மாவு நாட்டுக்குள் வரக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த வருஷங்கள் அவை. அரிசி மாவில் சுட்டது ரொட்டி மாதிரியும் இருக்காது, சோறு மாதிரியும் இருக்காது. ஆனாலும் பெர்பீஸ் ஆற்றோரத்து நியூ ஆம்ஸ்டர்டாம்காரர்களுக்கு ரொட்டி வாசனை இல்லாமல் பொழுது விடியாது. இரவெல்லாம் பெய்த மழை கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஏணியைச் சாத்துகிற சத்தமும், ரம்பத்தைக் கீழே போடுகிற சத்தமும் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வீடு பெயர்ந்து ஸ்டான்லிடவுனுக்குப் போகப்போகிற விஷயம் அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். மீன்காரி சொன்னாள், பிறகு பக்கத்து வீட்டுப் பான்ஸி சொன்னாள், பிறகு மாதா கோவிலில் ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். சொல்லாதது ஒரே ஒரு ஆள். மெல்லிய பலகைச் சுவர் ஒன்றுக்கு அந்தப்புறம், கைக்கெட்டும் தூரத்தில் படுத்து எழுந்துகொண்டிருக்கிற அவளுடைய தம்பி எக்பர்ட்.

இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகாராணியின் படம் எல்லார் வீட்டுக் கூடத்திலும் தொங்கிய காலத்தில், சர்க்கரை ஆலையில் பாகு மேஸ்திரியாக இருந்த இவர்களுடைய தாத்தா பழைய ஹட்சன், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டியது. எட்டடி உயர மரத்தூண்கள் மேல் நிற்கிற மரவீடு. ஆங்கில எம் எழுத்து மாதிரி இரட்டைக் கூரை. கூரை விளிம்பு முழுக்க மரத்திலேயே அறுத்துக் கோத்த பூவேலை, தூரத்திலிருந்து பார்த்தால் பாவாடை ஓரத்துச் சரிகைதான். ஜன்னல்களோ சுவரை விட்டு வெளியே சாய்ந்து நிற்பவை. மேலே கீல், கீழே தள்ளினால் திறக்கும், குச்சி கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற கெட்டிக்கார ஜன்னல்கள். படப் புத்தகத்தில் புகைபோக்கி இருந்தது என்பதற்காக, பன்னிரண்டு மாசமும் வியர்க்கிற ஊரில் அவர் ஒரு புகைபோக்கியும் வைத்தார். அதுவும் மரத்தில். அதன் கீழே அடுப்பே கிடையாது. எண்பது தொண்ணூறு வருஷமாக அதை அனுபவித்தது வௌவால்கள்தான்.

சண்டை வந்ததும் ஜன்னலால்தான். அம்மா இறந்துபோன வருஷம், யூலலி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்த நேரத்தில், எக்பர்ட் முன்பக்கத்தில் கிழக்கோரச் சாய்வு ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடிப் பட்டை வைத்த புது ஜன்னல்களை மாட்டிவிட்டான். அப்போது அதுதான் நாகரிகம். திரும்பி வந்தவள் தெருவிலேயே நின்று, "அம்மாவோட கண்ணத் தோண்டிட்டு கோலிக்குண்டு வச்சிருக்கான் பாருங்க," என்று நாலு பேர் கேட்கக் கத்தினாள். அவன் மாடியிலிருந்து ஏதோ பதில் சொன்னான். என்ன சொன்னான் என்பது இப்போது இருவருக்குமே நினைவில்லை. அடுத்த வாரம் இரட்டைக் கூரையின் நடுப்பள்ளத்துக்கு நேர் கீழே பலகைச் சுவர் எழுந்தது. கிழக்குப் பாதி அவனுக்கு. மேற்குப் பாதி, மிச்சமிருந்த பழைய ஜன்னல்களில் பெரும்பாலானவற்றோடு அவளுக்கு. அவன் தன் பக்கத்துக்குத் தனியாக ஒரு படிக்கட்டு வைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி," என்று வாசலில் குரல் கேட்டது. சுக்டியோ செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். பெர்பீஸ் பக்கத்தில் எந்த வீடு எந்தத் தெருவுக்கு நகர்ந்தாலும் அவன் கைதான் நகர்த்தியிருக்கும். "வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க காதுல போட்டுடலாம்னு."

"என் காதுல போட என்ன இருக்கு? அறுக்கறவன் அறுக்கறான், போறவன் போறான்."

"நடுச் சுவர எடுக்கணும். உங்க பக்கத்துச் சாமான் ஏதாவது ஒட்டி இருந்தா..."

"ரேடியோ மேசை இருக்கு. எடுத்துக்கறேன்." பிறகு, சுவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "சுக்டியோ, அந்தாளுகிட்ட சொல்லு. புகைபோக்கி அவன் பக்கந்தான் இருக்கு. வௌவால் ஒண்ணு விடாம எல்லாத்தையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

சுவருக்கு அப்பாலிருந்து உடனே வந்தது: "சுக்டியோ, அந்தம்மாகிட்ட சொல்லு. வௌவாலுங்க எங்க நிம்மதி இருக்கோ அங்கதான் இருக்கும். தானா வந்துடும்."

"அவனுக்குப் போற எடத்துல சமைச்சுப் போட யார் இருக்காங்கன்னு கேளு."

"இங்க மட்டும் யார் போட்டாங்கன்னு கேளு."

சுக்டியோ சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. நடுவுல நான் எதுக்கு?" என்று தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினான்.

மத்தியானத்துக்குள் நடுச் சுவர் இறங்கியது. பலகை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, முற்றத்தில் அடுக்கினார்கள். யூலலி சமையலறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தாள். பான்ஸி வேலி ஓரம் நின்று வேலையாட்களை வேடிக்கை பார்த்தாள், அவளுக்கு அதைவிட முக்கியமான வேலை அன்றைக்கு இல்லை.

"இது என்னது, எக்பர்ட் அங்கிள் பக்கத்துல?" என்று வேலையாள் ஒருவன் ஒரு பலகையை வெளிச்சத்தில் திருப்பினான். நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருப்பாகப் பளபளத்தது.

சுக்டியோ குனிந்து முகர்ந்தான். "தேங்கா எண்ணெய். தலை வச்ச எடம். நாற்காலியச் சுவத்தோட போட்டு, தலையச் சாய்ச்சு உக்காந்தா இப்படித்தான் ஆகும். ஒருநாள் ரெண்டுநாள்ல ஆகாது இது. வருஷக்கணக்கா உக்காந்திருக்கணும்."

"அப்படி என்ன இருந்துச்சாம் அந்தச் சுவத்துல?" என்றாள் பான்ஸி.

யூலலி நிமிர்ந்து பார்த்தாள். கறை இருந்த உயரத்தையும், பலகை இருந்த இடத்தையும் அவளுக்குக் கணக்குப் போட்டுச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அது அவளுடைய ரேடியோ மேசைக்கு நேர் பின்னால்.

அந்த ஊரில் ரேடியோ கேட்பது என்றால் சாவு அறிவிப்புக் கேட்பது. மெதுவான ஆர்கன் இசை வரும், பிறகு இன்னாருடைய மகன், இன்னாருடைய தகப்பன், நேற்று காலமானார், அடக்கம் இன்ன இடத்தில். யூலலி சும்மா கேட்கமாட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்வாள். "அடப்பாவி, இவனா? போன மாசந்தான மார்க்கெட்ல கத்தரிக்கா பேரம் பேசினான்." "இவளுக்கு நாலு பிள்ளைன்னு சொல்றாங்க, அஞ்சாவத விட்டுட்டாங்க பாரு." தனியாகப் பேசுகிறாள் என்று பான்ஸிகூடக் கேலி செய்திருக்கிறாள். ரேடியோவை ஏன் அந்தச் சுவரோரம் வைத்தாய் என்று கேட்டால், அங்கேதான் ஸ்டேஷன் தெளிவாக எடுக்கிறது என்பாள். எந்த இடத்தில் வைத்தாலும் அந்த ரேடியோ ஒரே மாதிரிதான் கரகரக்கும்.

யூலலி கீரையைத் தண்ணீரில் போட்டாள், பிறகு எடுத்து மறுபடி போட்டாள்.

அடுத்த நாள் ரம்பம் ஓடியது. கூரைப் பள்ளம், தளம், முன்சுவர், பின்சுவர். வீடு முனகிக்கொண்டே இரண்டானது. தூண்களுக்குப் பதில் ஜாக்கி, ஜாக்கிக்குப் பதில் உயரமான மரச்சட்டமும் அதன் கீழே உருளைக் கட்டைகளும். எக்பர்ட்டின் படிக்கட்டைப் பிரித்து டிராக்டர் பின்னாலிருந்த வண்டியில் ஏற்றினார்கள். இரண்டு பாதிகளுடைய அறுந்த பக்கங்களையும் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நான்கு மூலையிலும் சாங்கியமாக ரம் ஊற்றிவிட்டு, சுக்டியோ மிச்சத்தைத் தானும் ஊற்றிக்கொண்டான்.

"வீட்டுக்காரர் உள்ள இருக்கணும். ஆள் இல்லாத வீடு அடம் பிடிக்கும்," என்றான். அது அவன் தொழிலில் மாறாத விதி.

எக்பர்ட் சலவைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஏணியில் ஏறிக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். போட்டோவுக்கு உட்காருகிறவன் மாதிரி நேராக. யூலலி தன் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அறுபத்துமூன்று வயதில் அவன் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தான். அதை அவள் இதுவரை கவனிக்கவில்லை. டிராக்டர் உறுமியது. பாதி வீடு முன்வாசலை முன்னே நீட்டிக்கொண்டு, கால்வாய்மேல் போட்ட கட்டைகளைத் தாண்டி, தெருவில் இறங்கித் திரும்பி, போனது.

அவள் கையசைக்கவில்லை. அவனும் திரும்பவில்லை.

மழை வந்தது. பெர்பீஸ் மழை வந்தால் அப்புறம் போவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. தெருவில் இருநூறு கஜம்கூடப் போகாமல் உருளைகள் சேற்றில் புதைந்து, பாதி வீடு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அன்று நின்றது மறுநாளும் நின்றது. சைக்கிளில் போகிறவர்கள் வீட்டுக்கு அடியிலேயே குனிந்து புகுந்து போனார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் மழைக்கு அதன் கீழே ஒதுங்கினார்கள்.

மறுநாள் காலை யூலலி ரேடியோவைப் போட்டாள். மேசை இப்போது அறை நடுவில் இருந்தது. தார்ப்பாய் காற்றில் படபடத்தது. மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது, அவர்களுக்குப் பாட்டு வாத்தியாராக இருந்த மனிதர். "அடக் கடவுளே, டெனிஸ் மாஸ்டர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பேசுவதற்குச் சுவர் இல்லை. தன் குரல் தார்ப்பாயைத் தாண்டி மழையில் போய் விழுவது அவளுக்குப் பயமாக இருந்தது.

ரேடியோவை அணைத்தாள். மரவள்ளி, வாழைக்காய், சேம்பு எல்லாம் போட்டுத் தேங்காய்ப்பாலில் மெட்டெம் வைத்தாள், மேலே உப்புமீனை அடுக்கி மூடினாள். ஒரு ஆளுக்கு வைக்க வேண்டியதை இரண்டு ஆளுக்கு வைத்திருந்தாள். பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கினாள். வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்தன. பான்ஸி கேட்டாள், "மிஸ் லலி, எங்க இந்த மழையில?" "கடைக்கு," என்றாள் யூலலி, ஆவி பறக்கிற பாத்திரத்தோடு.

ஏணி வழுக்கியது. அறுபத்தாறு வயதில் ஏணி ஏறுவது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கூடத்தின் பாதியாக இருந்த இடம். அவன் எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான், யாரோ துரைசானி வந்த மாதிரி.

"சாப்பாடு," என்றாள்.

"ம்."

"டெனிஸ் மாஸ்டர் போயிட்டார்."

"அப்படியா?" அவன் உட்கார்ந்துவிட்டான். "எப்ப?"

"முந்தாநாள். அடக்கம் வெள்ளிக்கிழமை. மூணு பொண்ணுன்னு சொன்னாங்க."

"ரெண்டுதான. மூணாவது அவங்க தங்கச்சி பொண்ணு, வளத்தாங்க."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றாள் யூலலி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் தட்டில் போட்டுச் சாப்பிட்டான். அவள் முந்தானையால் விசிறிக்கொள்வது போல் தன் தலைத்துணி நுனியால் விசிறிக்கொண்டாள். மழை பெய்தும் அந்த அறை கொதித்தது. கண்ணாடிப் பட்டைகளில் நீர் வழிந்தது, காற்று மட்டும் வரவில்லை.

"இந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ளயா பதினோரு வருஷம் வெந்துகிட்டு இருந்த?"

"மொத வாரமே தெரிஞ்சு போச்சு, தப்புன்னு."

"அப்ப மாத்தியிருக்கலாம்ல?"

"மாத்தினா நீ பாத்துச் சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சா என்ன, செத்தா போயிருப்ப?" அவள் விசிறுவதை நிறுத்தினாள். "எகி, ஏன் போற? அத மட்டும் சொல்லு."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"தெனமும் ரேடியோவுல பேரு வரும், நீ பதில் சொல்லுவ. கேட்டுக்கிட்டே இருப்பேன். போன மாசம் ஒருநாள் யோசிச்சேன். எம் பேரும் ஒருநாள் வரும். பக்கத்து ரூம்ல நான் செத்துக் கெடப்பேன், நீ அத ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்குவ. எனக்கு வெக்கமாப் போச்சு, லலி. ஸ்டான்லிடவுன்ல இருந்து செத்தேன்னா அது பரவால்ல. அது தூரம். தூரத்துல இருக்கறவன் செத்தா ரேடியோவுலதான் சொல்லுவாங்க. அது மரியாத."

லலி என்று அவளைக் கூப்பிட்டு அத்தனை வருஷம் ஆகியிருந்தது. அவள் அழுதாள், ஒளிக்காமல் அழுதாள். பிறகு தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தார்ப்பாயை விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"சுக்டியோ! மேல பாரு. வீட்டத் திருப்பு."

வீட்டுக்கு அடியில் உட்கார்ந்து மழைக்கு டோமினோ ஆடிக்கொண்டிருந்த சுக்டியோ தலையை நீட்டினான். "எங்க திருப்ப, ஆன்ட்டி?"

"இருந்த எடத்துக்கு."

"ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் கால்வாய். இது என்ன கழுத வண்டியா திருப்பறதுக்கு? வீட்டுக்கு ரிவர்ஸ் கியர் கெடையாது. போனா முன்னாலதான் போகும்."

"அப்ப முன்னாலயே போ. ஆத்தங்கரை ரோடு, மார்க்கெட், சுத்திக்கிட்டு நம்ம தெருவுக்கே வா."

சுக்டியோ கையில் இருந்த காய்களைக் கீழே வைத்தான். "அங்கிள் என்ன சொல்றாரு?"

யூலலி திரும்பிப் பார்த்தாள். எக்பர்ட் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"சுத்திட்டு வரச் சொல்லு," என்றான். "நான் இந்த ஊர ஒழுங்காப் பாத்தே ரொம்ப நாளாச்சு."

மழை விட்டதும், பாதி வீடு நியூ ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி வர இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் யூலலி பகல் பூராவும் அதிலேயே இருந்தாள். இத்தனை வருஷமாக ஒரே தெருவையும் ஒரே மாமரத்தையும் காட்டிக்கொண்டிருந்த ஜன்னல்கள், இப்போது நிமிஷத்துக்கு ஒன்றாகப் புதுசு புதுசாகக் காட்டின. யார் வீட்டு மாடியோ கைக்கெட்டும் தூரத்தில் மெல்ல வரும், உள்ளே ஒரு பெண் துணி தைத்துக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள், அவள் மறைவதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம். ஆறு வந்தது. பழுப்பு நிறத்தில் கடல் மாதிரி அகலமாக வந்து, ஒரு முழு மத்தியானம் ஜன்னலிலேயே நின்றது. படகுக்காரர்கள் தொப்பியைத் தூக்கினார்கள். அறைக்குள் தண்ணீரின் வெளிச்சம் உத்தரத்தில் ஆடியது. தளம் உருளைகள்மேல் அசைய அசைய இருவருக்கும் தூக்கம் வந்தது, நாற்காலியிலேயே தூங்கினார்கள், விழித்தபோது வேறு தெருவில் இருந்தார்கள்.

"இது யார் வீடு?" என்பான் அவன்.

"ஃபிடேலியா வீடு. கூரையப் பாரு, பூவேலைய எடுத்துட்டுத் தகரம் அடிச்சிருக்கா."

"அவளுக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான்."

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். மார்க்கெட்டில் பெண்கள் ஓடிவந்து, தார்ப்பாய் இடுக்கு வழியாக மாம்பழங்களை எறிந்தார்கள். "மிஸ் லலி, கப்பல் எந்த ஊருக்குப் போகுது?" என்று ஒருத்தி கத்தினாள். "வீட்டுக்கு!" என்று யூலலியும் கத்தினாள். அப்படித் தெருவில் கத்திப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாதி வீடு தன் தெருவுக்குள் மேல்கோடி வழியாக நுழைந்தது. கால்வாய்மேல் கட்டை போட்டார்கள். டிராக்டர் முற்றத்துக்குள் இழுத்தது. ஜாக்கி ஏறி, தூண்கள் நின்று, மறுநாள் முற்பகல் வீடு உட்கார்ந்த பிறகுதான் சுக்டியோ நான்கு எட்டு பின்னால் போய் முழுசாகப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முன்வாசலை முன்னே நீட்டிக்கொண்டு தெருவுக்குப் போன வீடு, முன்வாசலை முன்னே நீட்டிக்கொண்டேதான் முற்றத்துக்குள்ளும் வந்திருந்தது. எக்பர்ட்டின் முன்வாசலும் கண்ணாடி ஜன்னல்களும் இப்போது கொல்லையைப் பார்த்தன. அவனுடைய சமையலறை தெருவைப் பார்த்தது. அறுந்த பக்கம் வெளிப்புறமாகத் திரும்பி, பான்ஸியின் வேலிக்கு நேராகத் திறந்து கிடந்தது. யூலலியின் அறுந்த பக்கத்தோடு வந்து ஒட்டியது அவனுடைய கிழக்குச் சுவர். அதில் அவன் கை வைக்காமல் விட்ட பழைய சாய்வு ஜன்னல் ஒன்று, ஒன்றரை முழம் புடைத்துக்கொண்டு, அவளுடைய சாப்பாட்டு அறைக்குள் நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, முப்பது வருஷ சர்வீஸ். இப்படி ஒரு தப்பு பண்ணினதில்ல. உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே வந்ததுல மறந்துட்டேன். வெளிய இழுத்து, மறுபடி..."

"எகி!" என்று யூலலி கத்தினாள். "வீட்டத் தலைகீழா வச்சிருக்கான். மறுபடி இழுக்கச் சொல்லட்டுமா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொல்லப் பக்கம்தான் காத்து வருது. இப்பத்தான் வேர்க்காம உக்காந்திருக்கேன். சும்மா இரு."

பான்ஸிக்கு மட்டும்தான் குறை. திறந்த பக்கத்துக்குப் பலகை அடிக்கிறவரை வேலிப்பக்கம் வரக் கூசுகிறது என்றாள். ஆனால் அன்றைக்கு நான்கு தடவை வந்தாள்.

யூலலி சாப்பாட்டு மேசையை ஜன்னலுக்கு இடம் விட்டு நகர்த்திப் போட்டாள். இரண்டு தட்டு வைத்தாள். மெட்டெம் ஆவி பறந்தது. ஜன்னல் சட்டங்களுக்குப் பின்னால் அவன் நடமாடுவது வரிவரியாகத் தெரிந்தது.

"ஆறிடும். சாப்பிட வா."

"எப்படி வர்றது? என் படியும் ஏணியும் இன்னும் வண்டியிலதான் கெடக்கு. சுக்டியோ நாளைக்குத்தான் வைப்பான்."

அவள் ஜன்னல் கதவின் அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். பழைய கீல் முனகிக்கொண்டு மேலே போனது. விளக்குமாற்றுக் கட்டையைக் கொடுத்து நிறுத்தினாள். அந்தப்பக்கம் எக்பர்ட் நின்றிருந்தான், சலவைச் சட்டையோடு, திருதிருவென்று விழித்துக்கொண்டு.

"இந்த வயசுல ஜன்னல் ஏறிக் குதிக்கச் சொல்றியா?"

"ஏணி ஏறி வந்தேன்ல நான்?"

அவன் ஒரு காலைத் தூக்கி ஜன்னல்மேல் போட்டான். பாதி அந்தப்பக்கம், பாதி இந்தப்பக்கம், அப்படியே மாட்டிக்கொண்டான். முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அவளைப் பார்த்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்குக் கல்லறையிலிருந்து அவனைக் கைபிடித்துக் கூட்டிவந்ததுதான் கடைசி. அதற்கப்புறம் அவள் அவனைத் தொட்டதே இல்லை.

"விழுந்து தொலைக்காத," என்றாள் யூலலி. "கையக் குடு."